23 பேர் வந்தால் கரைச்சல்

இந்த எக்செலோட எனக்குச் சரியான கோவம். முதல்ல அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு வாறன்.

போன கிழமை எங்கட நிலாவெளியில ஒரு சங்கத்துக்கு ஆக்களின்ட விபரம் தட்டிக் குடுக்க ஒத்துக்கொண்டன். பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். அவ்வளவுதான். ஒரு பின்னேரத்து வேலை.

முதல் ஆளின்ட அட்டை இலக்கத்தை அடிச்சன். 12 இலக்கம். என்டரைத் தட்டினன்.

12 இலக்கமும் போச்சு!

ஒரு இலக்கம், ஒரு புள்ளி, பின்னால அஞ்சு இலக்கம், ஒரு ஈ எழுத்து, ஒரு கூட்டல் அடையாளம், 11. (இலங்கையில அடையாள அட்டை இலக்கம் தட்டின எல்லாருக்கும் இந்த ஈயைத் தெரியும். முதல்லயே அந்த நிரலை எழுத்து எண்டு மாத்திப்போட்டு அடிச்சால் வராது. புதுசாத் தட்டப்போறவை குறிச்சு வையுங்கோ.)

எனக்கு ஏன் கோவம் வந்தது எண்டால், அட்டை இலக்கம் ஒரு தொகை இல்ல. அது ஒரு பேர். 2016 இல இருந்து வாற 12 இலக்கத்தில முதல் நாலும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் அந்த வருசத்தின்ட எத்தினையாவது நாள் எண்டது. பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் அதோட 500 ஐக் கூட்டிப் போடுவினம், அதால ஜனவரி 1 பிறந்தவளுக்கு 501. பெப்ரவரி 29 எல்லா வருசத்திலயும் இருக்கிற மாதிரித்தான் எண்ணுறது, அதால மார்ச் 1 எப்பவும் 61 தான். மிச்சம் தொடர் இலக்கமும், பிழை பிடிக்கிறதுக்கு ஒரு கடைசி இலக்கமும்.

இப்படி ஒருத்தரின்ட பிறப்பையே சொல்லுற இலக்கத்தை "கிட்டத்தட்ட இவ்வளவு" எண்டு சுருக்கலாமோ? ரெண்டு பேரின்ட அட்டையைக் கூட்டினால் ஆர் வருவினம்? பாதியாக்கினால் பாதி ஆள் வருவாரோ?

அந்தக் கோவத்தில, பக்கத்துப் பெட்டியில இன்னொரு 12 இலக்க எண்ணை அடிச்சன். எனக்குக் கனகாலமாத் தெரிஞ்ச எண். பேரா இல்லாம உண்மையாவே தொகையா இருக்கிற எண். பாதியாக்க, மூண்டாக்க, ஏழாக்க எண்டே பிறந்த எண்.

293318625600.

29331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. எக்செல் இதுக்கும் ஈயைத்தான் போட்டது. அப்பத்தான் நினைச்சன், இதைப் பற்றி எழுதவேணும் எண்டு.

ஆனா எண்ணுக்கு முன்னால மாமாவைச் சொல்லவேணும்.

எங்கட மாமா கரைவலை வாடியொண்டில கணக்குப் பாக்கிறவர். கரைவலை இழுக்கிறதை நிலாவெளிக்கு வந்த ஆக்கள் பாத்திருப்பினம். தோணி வலையை அரைவட்டமா விட்டுக்கொண்டு வரும். பிறகு கரையில ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு கயிறு இழுப்பினம். ரெண்டு பக்கமும் மெல்ல மெல்லக் கிட்டக் கிட்ட வந்து, கடைசியா மடி கரை ஏறும். சூடையோ கீரியோ நெத்தலியோ, அண்டைக்குக் கடல் தந்தது. கரையிலயே விலை பேசி முடியும். செலவு கழியும், சம்மாட்டியின்ட பங்கு போகும், மிச்சம் இழுத்த ஆக்களுக்கு.

அந்த மிச்சத்தைப் பிரிக்கிறவர்தான் மாமா. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க அவருக்குப் பக்கத்தில மணல்ல இருந்து பாப்பன். என்ர கணக்குப் படிப்பு அங்கதான் தொடங்கினது, பள்ளிக்கூடம் பிறகுதான்.

மாமாவுக்கு ஒரு சொல் இருக்கு. "24 பேர் எண்டால் லேசு பிள்ளை. 23 பேர் வந்தால் கரைச்சல்."

24 பேர் எண்டால் கயித்துக்கு 12, 12 பேர். எந்தத் தொகையையும் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிப் போட்டுக் கடைசியா மூண்டாக்கினால் சரி. மனசிலயே செய்யலாம். 23 எண்டால் ஒரு பக்கம் 11, மறுபக்கம் 12. தொகையைப் பாதியாக்கவும் வழியில்ல, மூண்டாக்கவும் வழியில்ல. 23 ஆலயே நேராப் பிரிக்கவேணும். கடைசியில ஒரு சில்லறை மிஞ்சும். அந்த மிச்சத்தை மாமா பிளேன்ரீக்கு எண்டு ஒதுக்கிவிடுவார்.

இப்ப நான் ரியூசன் வகுப்பில காரணி படிப்பிக்கேக்க இந்தக் கதையைத்தான் சொல்லுவன். ஒருநாள் சொல்லி முடிய ஒரு பிள்ளை கேட்டாள், "அப்ப ரீச்சர், எத்தினை பேர் வந்தாலும் மிச்சமில்லாமப் பிரிக்கலாம் எண்ட மாதிரி ஒரு தொகை இருக்கோ?"

என்ன வடிவான கேள்வி!

எத்தினை பேர் வந்தாலும் எண்டால் அப்படி ஒண்டு இல்ல. தொகையை விட ஆக்கள் கூட வந்தாலே முடிஞ்சுது. ஆனா கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கலாம். தன்னை விடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணி ஒரு எண்ணுக்கு இருந்தால், அது தன்ர அளவுக்குள்ள ஆகத் திறமான பங்கு எண். (பங்கு எண் எண்டது நான் வைச்ச பேர். வகுப்பில அப்படித்தான் சொல்லுறனான்.) 12 அப்படி. 1, 2, 3, 4, 6, 12 எண்டு ஆறு காரணி. 12 க்குக் கீழ எந்த எண்ணுக்கும் நாலுக்கு மேல இல்ல. 24 அப்படி. 60 அப்படி. எங்கட ஆக்கள் ஒரு நாளை 60 நாழிகையாப் பிரிச்சதும், வருசங்களைப் பிரபவ தொடங்கி அட்சய வரை 60 ஆச் சுத்த விட்டதும் எனக்கு இந்த இடத்தில எப்பவும் நினைவு வரும்.

அதுக்கு மாறா எங்கட பழைய பின்னக் கணக்கைப் பாருங்கோ. அரை, கால், அரைக்கால், மாகாணி, கீழ போய் முந்திரி. முந்திரி எண்டால் 320 இல ஒரு பங்கு. 320 ஐ உடைச்சால் ஆறு 2 உம் ஒரு 5 உம்தான். 3 இல்லவே இல்ல. பாதி பாதியாப் பிரிக்கிறவைக்கு அது நல்ல கணக்கு, மூண்டு பிள்ளையளுக்குக் காணி பிரிக்கிற தகப்பனுக்குக் கரைச்சல். 60 இல அந்த 3 இருக்கு.

சரி. இந்தப் பங்கு எண்களை ஒண்டொண்டாத் தேடிப் பட்டியல் போட்ட மனுசன் ஆர் எண்டால், ராமானுஜன்.

ஈரோட்டில பிறந்து கும்பகோணத்தில வளந்தவர். 1912 இல சென்னைத் துறைமுகத்தில எழுத்தர் வேலை, மாசம் 30 ரூபா. (துறைமுகத்தில எழுத்தர் வேலை எண்டால் எங்கட திருகோணமலை ஆக்களுக்கு உடன விளங்கும். எங்கட பக்கத்தில அது கிடைச்சால் வீட்டில பால் பொங்குவினம்.) 1914 இல கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த வருசம், 1915 இல, 27 வயசில, லண்டன் கணிதச் சங்கத்தின்ட இதழில ஒரு நீண்ட கட்டுரை. முழுக்க இந்தப் பங்கு எண்களைப் பற்றித்தான். அதுக்குத்தான் 1916 இல கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் குடுத்தது. யுத்த காலம், சங்கத்திட்டக் காசு இல்ல எண்டு கட்டுரையின்ட ஒரு பகுதியை அச்சடிக்கேல்ல. அந்தப் பகுதி வெளியில வந்தது 1997 இல. 80 வருசத்துக்கு மேல ஒரு கட்டுரை பாதியில நிண்டிருக்கு!

அந்தக் கட்டுரையில ஒரு அட்டவணை இருக்கு. 2 இல தொடங்கி 4, 6, 12, 24, 36 எண்டு ஏறி ஏறி 6746328388800 வரைக்கும். கடைசி எண் 13 இலக்கம். அதுக்கு 10080 காரணி. இவ்வளவையும் மெசின் இல்லாம, கையால.

அதில ஒண்டே ஒண்டு விடுபட்டுப்போச்சு.

அதுதான் என்ர எண். 293318625600.

இதைச் சொன்னால் சில பேர் "ஓ, ராமானுஜனே பிழை விட்டவரோ" எண்டு சந்தோசப்படுவினம். எனக்கு அது துண்டாப் பிடிக்கிறேல்ல. நூறளவு எண்ணைக் கையால பிடிச்ச ஒருத்தர் ஒண்டை விட்டார் எண்டால், அந்த ஒண்டைப் போய்ப் பாக்கத்தான் எனக்கு மனம் வருது. ஆர் அது? எங்க நிண்டது?

வாங்கோ பாப்பம்.

உடைச்சால்: 2 ஆறு தரம், 3 நாலு தரம், 5 ரெண்டு தரம், 7 ரெண்டு தரம், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொண்டு. எல்லாத்தையும் பெருக்கினால் அதே எண். (செய்து பாருங்கோ. போனைத் தொடாம ஒருக்காச் செய்து பாருங்கோ. எனக்குக் கொப்பியில ரெண்டு பக்கம் போனது. நடுவில 13 ஆல பெருக்கினதில ஒரு காவு எண் விடுபட்டு, திரும்ப முதல்ல இருந்து.)

காரணி எத்தினை எண்டு எண்ணுறது லேசு. ஒரு காரணியைக் கட்ட, 2 ஐ ஒண்டும் எடுக்காம விடலாம், ஒண்டு எடுக்கலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம். ஏழு விதம். 3 க்கு அஞ்சு விதம். 5 க்கு மூண்டு, 7 க்கு மூண்டு. 11, 13, 17, 19 க்கு எடுக்கலாம் அல்லது விடலாம், ரெண்டு ரெண்டு விதம். பெருக்குங்கோ: 7, 5, 3, 3, 2, 2, 2, 2.

5040.

இந்த இடத்தில நான் கதிரையில இருந்து எழும்பிட்டன். ஏனெண்டால் 5040 உம் ஒரு பங்கு எண்! கிரேக்கத்துப் பிளேட்டோ தன்ர நகரத்தில 5040 குடும்பம் இருக்கட்டும், எப்படியும் பிரிக்கலாம் எண்டு எழுதிவைச்ச அதே 5040. அதுக்கு எத்தினை காரணி? 60. 60 உம் பங்கு எண். அதுக்கு எத்தினை? 12. பங்கு எண். 12 க்கு 6. பங்கு எண். 6 க்கு 4. பங்கு எண். பிறகுதான் 4 க்கு 3, 3 க்கு 2 எண்டு இறங்கி முடியுது.

29331 கோடியில தொடங்கி 5040, 60, 12, 6, 4. ஒவ்வொரு படியிலயும் பங்கு எண்ணே கால் வைக்குது. இப்படி ஒரு ஆள் எப்படிப் பட்டியல்ல விடுபட்டது?

இதை யோசிக்கேக்க எனக்கு வேற ஒரு பட்டியல் நினைவு வரும்.

2004 டிசம்பர் 26. நிலாவெளிக்குக் கடல் வந்தது. அதுக்குப் பிறகு நாங்கள் முகாமில இருந்த நாளில, என்ர எழுத்து வடிவா இருக்கும் எண்டு குடும்பப் பேர்ப் பட்டியல் எழுத என்னை இருத்திச்சினம். எனக்கு 15 வயசு. நாள் முழுக்க எழுதினன். பின்னேரம் ஒரு அம்மா வந்து நிண்டா. அவவின்ட ரெண்டாவது பெடியனின்ட பேர் இல்ல. தகப்பன் இருக்கிறார், தாய் இருக்கிறா, தமையன் இருக்கிறான், தங்கச்சி இருக்கிறாள். நடுவில அவன் இல்ல. அவன் அவவின்ட சீலையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலதான் நிக்கிறான்.

நான் உடன எழுதினன். ஆனா அண்டு இரவு நித்திரை வரேல்ல. அந்த அம்மா வராம விட்டிருந்தால்?

அண்டையில இருந்து எந்தப் பட்டியலையும் நான் பாக்கிற விதம் மாறிப்போச்சு. பேரை மட்டும் பாக்கமாட்டன், பக்கத்தில நிக்கிறவையைப் பாப்பன். தமையன் இருக்கிறான், தங்கச்சி இருக்கிறாள், அப்ப நடுவில ஆரோ இருக்கவேணும் எண்டு. (இந்தச் சங்கத்துப் பட்டியலையும் அப்படித்தான் குடும்பம் குடும்பமா வாசிச்சன்.)

ராமானுஜன்ட அட்டவணையையும் அப்படிப் பாத்தன். 293318625600 இன்ட சொந்தக்காரர் ஆர் ஆர் அங்க நிக்கினம்?

பாதி: 146659312800. நிக்குது.

மூண்டில ஒண்டு: 97772875200. நிக்குது.

21 இல ஒரு பங்கு: 13967553600. அதுவும் நிக்குது.

பிறகு ஒரு யோசினையில கடைசி எண்ணை எடுத்தன். அட்டவணையின்ட எல்லையில நிக்கிற 6746328388800. அதை என்ர எண்ணால பிரிச்சன்.

23.

மிச்சமில்ல. சரியா 23! அட்டவணையின்ட கடைசி எண்ணே, விடுபட்ட எண்ணின்ட 23 மடங்கு. மாமாவின்ட அதே 23.

பிறகு முன்னாலயும் பின்னாலயும் நிக்கிற ரெண்டு பேரையும் பாத்தன். முன்னால 240940299600, 4800 காரணி. பின்னால 321253732800, 5376 காரணி. என்ர எண்ணில இருந்து 28 ஐ எடுத்துப்போட்டு 23 ஐ வைச்சால் முன்னால நிக்கிறவர். 21 ஐ எடுத்துப்போட்டு 23 ஐ வைச்சால் பின்னால நிக்கிறவர். ரெண்டு பக்கமும் 23 உள்ள ஆக்கள். நடுவில இவர் மட்டும் 19 ஓட நிண்டுபோட்டு, 23 க்குப் பதிலா 7 ஐ ரெண்டு தரம் வைச்சிருக்கிறார். இவருக்குப் பிறகு அட்டவணை முடியுமட்டும் வாற ஒவ்வொரு எண்ணிலயும் 23 இருக்கு. நான் ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாத்தனான். 23 இல்லாதவையில கடைசி ஆள் இவர்தான்.

இவர் உண்மையிலயே அந்த இடத்துக்கு உரியவரோ எண்டு சோதிக்கவும் வேணுமே. அவரை விடச் சின்னதா, 5040 அல்லது அதுக்கு மேல காரணியோட ஒருத்தரும் இருக்கக்கூடாது. இதுக்குத்தான் ரெண்டு இரவு போனது. பின்னால நிக்கிறவரை எடுத்து, ஒரு 5 ஐக் கழட்டிப்போட்டு ரெண்டு 2 ஐப் போட்டுப் பாத்தன். 257002986240. அளவு சரி, என்ர எண்ணை விடச் சின்னன். காரணி 4608 தான். ஒரு 5 ஐக் கழட்டி 3 ஐப் போட்டன், அளவு இன்னும் குறைஞ்சுது, காரணியும் 4480 ஆக் குறைஞ்சுது. ஒரு 3 ஐக் கழட்டி 2 ஐப் போட்டன். திரும்பவும் 4608. எதைக் கழட்டி எதைப் பூட்டினாலும் 5040 ஐத் தொடுறது ஒண்டும் வரேல்ல.

இந்தக் கழட்டிப் பூட்டுறதுக்கு ராமானுஜன் ஒழுங்கு கண்டு வைச்சிருக்கிறார். சின்ன முதன்மை எண் எப்பவும் பெரிசை விடக் கூடத் தரமோ அதே தரமோதான் வரவேணும். 2 ஆறு தரம், 3 நாலு, 5 ரெண்டு, 7 ரெண்டு எண்டு படி இறங்குதே, அது தற்செயல் இல்ல. 7 ஐ மூண்டு தரம் போட்டு 5 ஐ ஒரு தரம் போட்டால், ரெண்டையும் இடம் மாத்தினவுடன அதே காரணித் தொகையோட சின்ன எண் வந்திடும். காசு குறையக் குடுத்து அதே சாமானை வாங்கின மாதிரி. கடைசியில நிக்கிற முதன்மை எண் ஒரே ஒரு தரம்தான் வரும். 4 உம் 36 உம் மட்டும்தான் அதுக்கு விலக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்தில ரெண்டே ரெண்டு விலக்கு எண்டதை வகுப்பில சொல்லேக்க எனக்கே மயிர்க்கூச்செறியும்.

கட்டுரையைப் பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். அட்டவணையில அந்த ரெண்டு வரிசைக்கும் நடுவில பென்சிலால எழுதிவிட்டன். 293318625600. பக்கத்தில 5040. அண்டைக்கு முகாமில அந்தப் பெடியனின்ட பேரை நெருக்கி எழுதின மாதிரித்தான், வரிக்கு நடுவில, சின்ன எழுத்தில.

கேள்வி கேட்ட பிள்ளைக்கும் காட்டினன். அவள் உடன 1 இல இருந்து பிரிக்கத் தொடங்கிட்டாள். 1, 2, 3 எண்டு போய் 22 வரைக்கும் மிச்சமே இல்ல. 23 இல மறிச்சுது. பிறகு 24, 25, 26, 27, 28 லேசாப் போச்சு. 29 மறிச்சுது, 30 விட்டுது, 31 மறிச்சுது. "ரீச்சர், கரைவலைக்கு 28 பேருக்கு மேல வருவினமோ?" எண்டு கேட்டாள்.

அதைக் கேக்க மாமாட்டப் போனன். ஞாயிற்றுக்கிழமை, வாடிக்குப் பக்கத்தில வலை காயப் போட்டுக்கொண்டு இருந்தவர். முழுக்கச் சொன்னன். ராமானுஜன், அட்டவணை, விடுபட்ட எண், எல்லாம். அவர் வலையைப் பாத்துக்கொண்டே கேட்டவர்.

"அப்ப 22 பேர் வரைக்கும் எத்தினை பேர் வந்தாலும் லேசு?"

"ஓம் மாமா."

"23?"

"ஏலாது. மிச்சம் வரும்."

"பாத்தியே, நான் சொன்னனான். எவ்வளவு மிச்சம்?"

"ஆளுக்கு 1275 கோடி சொச்சம் குடுத்தால், 17 ரூபா மிஞ்சும்."

மாமா ஒரு கண்ணியை விரல்ல எடுத்துப் பாத்தார். கிழிஞ்சிருந்தது.

"17 ரூபாவுக்கு இப்ப பிளேன்ரீயும் வராது பிள்ளை. 24 பேரா வரச் சொல்லு."